கேமரா கேள்வி–பதில்: ஓடுகிறவர்களைப் படமெடுப்பது

பத்திரிகை வேலையாக வெளியிடத்தில் ஓட்டக்காரர்களைப் படமெடுப்பது பற்றிப் பல கேள்விகள் வந்திருந்தன. ஒன்றுக்கொன்று தொடர்புள்ளவை என்பதால் இந்த இதழில் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: 1/1000 விநாடியில் எடுத்தேன். படம் கூர்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் ஓடுவது போலவே தெரியவில்லை, ஒற்றைக் காலில் நிற்பது போல் இருக்கிறது. செட்டிங்கில் என்ன தவறு?

பதில்: செட்டிங்கில் தவறில்லை. நீங்கள் பிடித்த கணம்தான் தவறு.

ஓட்டத்தில் ஒவ்வோர் அடியிலும் நான்கு கட்டங்கள் உண்டு. பாதம் தரையில் படுகிறது. உடல் அந்தக் காலுக்கு நேர் மேலே வருகிறது. பெருவிரல் தரையைத் தள்ளிவிட்டு எழும்புகிறது. இரண்டு காலும் காற்றில் இருக்கின்றன. உங்களுக்குக் கிடைத்தது இரண்டாவது கட்டம். அப்போது ஒரு கால் இன்னொரு காலைக் கடந்து போய்க்கொண்டிருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். முதல் கட்டமும் உதவாது. முன்கால் நீண்டு பிரேக் போட்டது போலிருக்கும், அதிர்ச்சியில் கன்னச் சதை கீழே இழுபட்டு முகத்துக்கு வயது கூடிவிடும். மூன்றாவது கட்டம் முடிந்து நான்காவது தொடங்கும் இடம்தான் உங்களுக்கு வேண்டியது. பின்கால் முழுக்க நீண்டு, நுனிவிரல் தரையை விட்டு அப்போதுதான் விலகியிருக்கும். முன்முழங்கால் உயர்ந்திருக்கும், முகம் தளர்வாக இருக்கும்.

நிமிடத்துக்கு 160 முதல் 180 அடி என்று வைத்துக்கொண்டால் விநாடிக்கு ஏறக்குறைய மூன்று அடி. நிதானமான வேகத்தில் ஓடுகிறவர் ஓர் அடியில் காற்றில் இருப்பது சுமார் பத்தில் ஒரு விநாடிதான். விநாடிக்கு 10 ஃபிரேம் எடுக்கும் கேமராவில் ஓர் அடிக்கு மூன்று அல்லது நான்கு படம் விழும். அதில் ஒன்று தேறினால் பெரிது. அதனால் தூரத்திலிருந்தே பட்டனை அமுக்கிப் பிடிக்காதீர்கள். தேவையான இடத்தில் அவர் வரும்போது பஃபர் (எடுத்த படங்களைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) நிரம்பி கேமரா திணறும். அந்த இடத்துக்கு இரண்டு காலடி முன்னால் தொடங்கி ஒரு விநாடிக்குள் நிறுத்துங்கள்.

பக்கவாட்டில் எடுக்கும்போது எந்தக் கால் என்பதும் முக்கியம். கேமரா பக்கத்துக் கால் முன்னால் வரும் அடியைத் தேர்ந்தெடுங்கள். அப்போது அதே பக்கத்துக் கை பின்னால் போகும். மார்பும் முகமும் மறைக்கப்படாமல் திறந்திருக்கும். அடுத்த அடியில் அந்தக் கை முன்னால் வந்து மார்புக்குக் குறுக்கே நிற்கும், படம் அடைபட்டுவிடும்.

இன்னொரு காரணம் கேமராவின் உயரம். நின்ற வாக்கில் எடுத்தால் பாதத்துக்கும் தரைக்கும் இடையிலுள்ள இடைவெளி சாலையின் நிறத்தோடு கலந்துவிடும். அவர் உண்மையில் காற்றில் இருந்தாலும் தரையில் இருப்பது போலவே தெரியும். முழங்கால் உயரத்துக்கு, முடிந்தால் கணுக்கால் உயரத்துக்கு இறங்குங்கள். பாதத்துக்கு அடியில் வெளிச்சமான பின்னணி தெரிந்தால் அந்த இடைவெளி பளிச்சென்று வரும். ஓடுகிற குதிரையின் நான்கு காலும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழுமா என்ற கேள்விக்கு விடை காண, 1878-ல் மைபிரிட்ஜ் ஓடுபாதையின் ஓரமாகக் கேமராக்களை வரிசையாக வைத்துப் படமெடுத்தார். கண்ணுக்குப் பிடிபடாத அந்தக் கணத்தைத்தான் நாமும் தேடுகிறோம்.

கேள்வி: கால் மட்டும் கலங்குகிறது, முகம் தெளிவாக இருக்கிறது. ஷட்டர் வேகம் எவ்வளவு வைத்தால் சரி?

பதில்: மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் ஓடுகிறவரின் உடல் விநாடிக்கு 4 மீட்டருக்குச் சற்று அதிகமாக நகர்கிறது. முன்னோக்கி வீசப்படும் பாதமோ ஏறக்குறைய அதைப்போல் இரு மடங்கு வேகத்தில் போகும், அதாவது விநாடிக்கு 8 மீட்டர். 1/500-ல் அந்தப் பாதம் 16 மி.மீ. நகர்ந்துவிடும், 1/1000-ல் 8 மி.மீ., 1/2000-ல் 4 மி.மீ. பொதுவான கட்டுரைப் படத்துக்கு 1/1000 போதும். பாதத்தில் லேசான கலங்கல் இருந்தால் அது படத்துக்கு உயிர்தான். ஷூவைப் பற்றிய கட்டுரை, ஷூவின் எழுத்து படிக்கும்படி வர வேண்டும் என்றால் 1/2000. நேர் எதிரே வருகிறவருக்கு ஃபிரேமுக்குக் குறுக்கே அசைவு குறைவு என்பதால் 1/640 கூடத் தாங்கும்.

கேள்வி: பேனிங்கில் (நகர்வதோடு கேமராவையும் திருப்பியபடி எடுப்பதில்) சைக்கிள், கார் எல்லாம் நன்றாக வருகிறது. ஓடுகிறவரை மட்டும் எடுக்க முடியவில்லை. ஏன்?

பதில்: நல்ல கேள்வி. சைக்கிள் நேர்கோட்டில் போகும். ஓடுகிறவரின் உடல் ஒவ்வோர் அடியிலும் 6 முதல் 10 செ.மீ. வரை மேலும் கீழும் போய்வரும். நீங்கள் கேமராவைப் பக்கவாட்டில் எவ்வளவு சீராகத் திருப்பினாலும் இந்த மேல்-கீழ் அசைவு முகத்தைக் கலைத்துவிடும்.

வழி இருக்கிறது. தாவலின் உச்சியில், மேலே போவது நின்று கீழே இறங்கத் தொடங்கும் முன், செங்குத்து அசைவு ஒரு கணம் இல்லாமலே போகும். இரண்டு காலும் காற்றில் இருக்கும் அதே கணம்தான் அது. 1/60-ல் அந்த உச்சியைப் பிடித்தால் முகம் நிற்கும், கை கால்கள் வீச்சோடு வரும். 1/60-ல் கை பழகிய பிறகு 1/30-க்கு இறங்குங்கள். அதற்கும் கீழே போனால் தேறும் படங்கள் வெகுவாகக் குறையும். அதைக் கடைசி இரண்டு ஓட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடும் பாதைக்குச் செங்குத்தாக, 6 முதல் 8 மீட்டர் தள்ளி, லென்ஸை 70 மி.மீ. அளவில் வைத்து நில்லுங்கள். படமெடுக்கப் போகும் திசையை நோக்கிப் பாதங்களை ஊன்றி, இடுப்பை மட்டும் அவர் வரும் பக்கம் திருப்பிக் காத்திருங்கள். அவர் வரவர முறுக்கு அவிழ வேண்டும். பட்டனை அமுக்கும்போதும் அமுக்கிய பிறகும் திருப்புவதை நிறுத்தாதீர்கள். லென்ஸில் நடுக்கம் தடுக்கும் வசதி இருந்தால் பேனிங்குக்கான நிலைக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் அது உங்கள் திருப்பலையே நடுக்கம் என்று எண்ணி எதிர்த்து இழுக்கும். பின்னணியில் மரத்தடி, வேலி, சுவரோவியம் என்று வெளிச்சமும் நிழலும் மாறிமாறி இருக்க வேண்டும். வெறும் வானத்தின் முன் பேன் செய்தால் கோடுகளே விழாது, உழைப்பு வீண்.

முழு வெயிலில் ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்) 16 என்றால் ஷட்டர் 1/100 வரும். 1/30-க்கு இறங்க எஃப் 22-ஐத் தாண்ட வேண்டியிருக்கும். கூர்மை குறையும், சென்சாரில் ஒட்டிய தூசியெல்லாம் புள்ளியாகத் தெரியும். ஒளியை மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது அல்லது இரட்டிப்பாவது) குறைக்கும் என்.டி. ஃபில்டர் போட்டால் எஃப் 11-க்குக் கொஞ்சம் திறந்த நிலையிலேயே வேலை முடிந்துவிடும். சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரை பேனிங்கில் தவிருங்கள். சென்சாரை வரிவரியாகப் படிப்பதற்குள் கேமரா நகர்ந்துவிடுவதால் பின்னணிக் கம்பங்கள் சாய்ந்து விழும். 2023-ல் அறிவிக்கப்பட்ட சோனி ஆல்ஃபா 9 III போல முழுச் சென்சாரையும் ஒரே நேரத்தில் படிக்கும் கேமராவில் இந்தத் தொல்லை இல்லை. மற்றவற்றில் மெக்கானிக்கல் ஷட்டரே நம்பகமானது.

கேள்வி: நேர் எதிரே ஓடி வருகிறவரை 200 மி.மீ., எஃப் 2.8-ல் எடுத்தால் பத்தில் ஏழு படம் ஃபோகஸ் தவறுகிறது. லென்ஸை சர்வீஸுக்குக் கொடுக்கட்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். முழு அளவுச் சென்சாரில், 10 மீட்டர் தூரத்தில், 200 மி.மீ., எஃப் 2.8 வைத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 40 செ.மீ. விநாடிக்கு 4 மீட்டர் ஓடுகிறவர் அதைப் பத்தில் ஒரு விநாடியில் கடந்துவிடுவார். எஃப் 4-க்கு மூடினால் ஆழம் 60 செ.மீ. ஆகும். பின்னணி மங்குவதில் பெரிய வித்தியாசம் தெரியாது, தேறும் படங்களில் நிச்சயம் தெரியும்.

தொடர் ஃபோகஸ் நிலையில், அவர் 25, 30 மீட்டர் தள்ளி இருக்கும்போதே பின்தொடரத் தொடங்குங்கள். வேகத்தைக் கணிக்க கேமராவுக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். படம் அந்தக் கடைசிப் பத்து மீட்டரில்தான் எடுக்கப் போகிறீர்கள். பின்தொடரும் உணர்திறனைக் குறைத்து வையுங்கள். அதிகமாக வைத்தால் முன்னால் வீசும் கை முட்டியோ இடையில் வரும் கம்பமோ ஃபோகஸைப் பறித்துக்கொள்ளும். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்தவரிடம் கண்ணைத் தேடும் வசதி தடுமாறும். மார்பிலுள்ள எண் அட்டையைப் பிடியுங்கள். முகம் அதிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்தான், ஆழத்துக்குள் வந்துவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும் படம் முழுக்க மெழுகு பூசியது போல் மொழுமொழுவென்று இருந்தால் அது ஃபோகஸ் கோளாறே இல்லை, கானல். வெயிலேறிய தார்ச் சாலையில், தாழ்ந்த கோணத்தில், நீண்ட லென்ஸ் வைத்து எடுக்கும்போது சூடான காற்று படத்தைக் கரைத்துவிடும். எந்த லென்ஸாலும் அதை வெல்ல முடியாது. 85 மி.மீ. போட்டுக்கொண்டு அவர் அருகில் வரும்வரை காத்திருங்கள், அல்லது புல்வெளிக்கோ மண்பாதைக்கோ மாறுங்கள்.

நேர் எதிர்க் கோணத்தில் வேறொரு சங்கடமும் உண்டு. மடங்கிய பின்கால் உடலுக்குப் பின்னால் மறைந்து, ஒரு கால் இல்லாதவர் போலத் தோன்றும். பாதைக்கு 20, 30 டிகிரி விலகி நின்றால் இரண்டு காலும் தெரியும்.

கேள்வி: ஆசிரியர் குழு சொன்ன நேரம் நண்பகல். மாற்ற முடியாது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ஒருமுறை மாற்றக் கேட்டுப் பாருங்கள். சூரியன் 15 டிகிரி உயரத்தில் இருக்கும்போது நிழல் ஆள் உயரத்தைப் போல் 3.7 மடங்கு நீளும்; 60 டிகிரியில் ஆள் உயரத்தில் பாதிக்குச் சற்று அதிகம்தான். உச்சி வெயிலில் கண்குழிகள் கறுத்துவிடும். இதைச் சொன்னாலே பல ஆசிரியர்கள் காலைக்கு ஒத்துக்கொள்வார்கள்.

முடியாதென்றால் கட்டட நிழலோ மர நிழலோ தேடுங்கள். இலைகளுக்கிடையே வெயில் புள்ளி புள்ளியாக விழும் நிழல் வேண்டாம். ஒவ்வோர் அடியிலும் முகத்தில் வெவ்வேறு புள்ளி விழும். அடர்ந்த நிழலின் விளிம்பில், அருகிலுள்ள வெயில்பட்ட வெளிர்நிறத் தரை ஒளியைத் திருப்பி முகத்தில் அடிக்கும் இடமே சிறந்தது. மேனுவலில் முகத்துக்கு ஒளி அளந்து பூட்டிவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் பின்னணி மாறும்போதெல்லாம் முகத்தின் வெளிச்சமும் மாறும்.

ஃபிளாஷ் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒன்று. உருவப்படம் எடுப்பவர்கள் வெயிலில் எஃப் 2.8 வேண்டுமென்றால் நான்கு ஸ்டாப் என்.டி. ஃபில்டர் போட்டு 1/200-ல் சாதாரண சிங்க்கிலேயே (ஷட்டர் முழுக்கத் திறந்திருக்கும்போது ஃபிளாஷ் ஒருமுறை மின்னுவது) முடித்துவிடுவார்கள். ஓட்டத்துக்கு அது உதவாது. 1/200-ல் பாதம் 4 செ.மீ. நகர்ந்துவிடும். ஃபிளாஷ் உறையவைத்த பாதத்தைச் சுற்றி வெயில் வரைந்த இரண்டாவது பாதம் பேய் போலத் தெரியும். இங்கே ஹை-ஸ்பீடு சிங்க்தான் (ஷட்டர் ஓடி முடியும்வரை ஃபிளாஷ் விட்டுவிட்டு வேகமாக மின்னுவது) வழி. 1/1600 அல்லது 1/2000. அதில் ஃபிளாஷின் பலம் வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால் விளக்கை 2 மீட்டருக்குள் கொண்டுவர வேண்டியிருக்கும். அவ்வளவு கிட்டத்தில் அவர் அரை மீட்டர் உள்ளே தள்ளி ஓடினாலே முகத்தில் முக்கால் ஸ்டாப்புக்கு மேல் வெளிச்சம் கூடிவிடும். அதனால் ஓட வேண்டிய கோட்டைத் தரையில் சாக்பீஸால் போட்டுக் காட்டுங்கள். ‘கோட்டின் மேல்’ என்று சொன்னால் கீழே பார்த்துக்கொண்டே ஓடுவார். கோட்டின் முடிவில் கண் மட்டத்தில் பார்க்க ஓர் இலக்கையும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அட்டைப்படத்துக்கு என்று தனியாக ஏதாவது கவனிக்க வேண்டுமா? நான் எடுத்ததில் நல்ல படங்களையெல்லாம் லேஅவுட் பிரிவு தள்ளிவிட்டது.

பதில்: பெரும்பாலும் இடம் விடாததுதான் காரணம். ஃபிரேமை நிறைத்து எடுப்பது நல்ல பழக்கம் என்று கற்றிருப்பீர்கள். அட்டையில் மேல் கால்பகுதி இதழின் பெயருக்குப் போய்விடும், பக்கவாட்டில் தலைப்புகள் ஏறும், மூலையில் பார்கோடு. தலைக்கு மேல் அமைதியான பின்னணியாகத் தாராளமாக விடுங்கள்.

செங்குத்தாகவே எடுங்கள். ஏ4 அட்டை, நான்கு பக்கமும் 3 மி.மீ. வெட்டு ஓரம், 300 பி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்) என்றால் 2551 × 3579 பிக்சல் வேண்டும். 24 மெகாபிக்சல் கேமராவில் படுக்கைவாட்டில் எடுத்த 6000 × 4000 படத்திலிருந்து செங்குத்தாக வெட்டினால் உயரம் 4000-தான். நகர்த்தி வெட்டப் பத்து சதவீதம் அளவுக்குத்தான் இடமிருக்கும். இரட்டைப் பக்கத்துக்கு அதே வெட்டு ஓரத்தோடு 5031 × 3579 தேவை. அதற்குப் படுக்கைவாட்டில் எடுக்கும்போது முகமோ முழங்காலோ நட்டநடுவில் வேண்டாம். அங்கேதான் மடிப்பு விழுகிறது.

இரண்டு திசையிலும் ஓடவிட்டு எடுங்கள். பக்கத்தின் வெளியே பார்த்து ஓடுகிற படம் வாசகரை அடுத்த பக்கத்துக்குத் துரத்தும் என்பதால் லேஅவுட் கலைஞர் உள்நோக்கி ஓடும் படத்தைத்தான் கேட்பார். கணினியில் திருப்பிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். எண் அட்டை, பனியனிலுள்ள எழுத்து, கைக்கடிகாரம் எல்லாம் காட்டிக்கொடுத்துவிடும்.

நிறத்தைப் பற்றி ஓட்ட இதழ்களில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் படும் கஷ்டம் ஒன்று: ஒளிரும் மஞ்சள், ஒளிரும் பிங்க். திரையில் கண்ணைப் பறிக்கும் அந்த நிறங்களை நான்கு வண்ண அச்சு மையால் கொண்டுவர முடியாது, தாளில் மங்கிப்போய்விடும். கேமராவிலும் ஒரு சேனல் மட்டும் நிரம்பி மடிப்புகள் எல்லாம் அழிந்து, துணி ஒரே பட்டையாகிவிடும். மொத்த ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) இதைக் காட்டாது. சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். முடிந்தால் ஆடைகளை முன்கூட்டியே பேசிவிடுங்கள். அடர் நீலம், செங்கல் சிவப்பு, வெளிர் சாம்பல் எல்லாம் அச்சில் நன்றாக நிற்கும்.

கேள்வி: ஐந்து பேர் கொண்ட குழுவை எடுத்தால் கால்கள் எல்லாம் காடாகக் குழம்பிவிடுகின்றன.

பதில்: பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தாமல் சாய்கோட்டில் நிறுத்துங்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு கை நீள இடைவெளி. கேமராவிலிருந்து தூரத்தில் இருப்பவர் அரை அடி முன்னால். எல்லோரும் இடது காலில் தொடங்கட்டும். முதல் பதினைந்து, இருபது மீட்டருக்குக் காலடி ஏறக்குறைய ஒத்துப்போகும், பிறகு கலைந்துவிடும். அந்தத் தூரத்துக்குள் எடுத்துவிடுங்கள். எஃப் 5.6 அல்லது 8. முழுக்க ஒத்துப்போனால் அணிவகுப்பு போலாகிவிடுகிறது என்பது எங்கள் எண்ணம். ஒருவர் சற்றே பிசகிய படமே இயல்பாக இருக்கும்.

கேள்வி: ஓடுகிறவரை எத்தனை முறை ஓடச் சொல்லலாம்?

பதில்: முதல் பத்து நிமிடம் கேமராவை எடுக்காதீர்கள், அவர் உடலைச் சூடேற்றிக்கொள்ளட்டும். குளிர்ந்த தசையோடு வேகமாக ஓடவைத்தால் சுளுக்கிக்கொள்ளும், அதற்கு நீங்கள்தான் பொறுப்பு. பிறகு 30, 40 மீட்டர் ஓட்டம் ஆறேழு முறை, அப்புறம் ஓய்வும் தண்ணீரும். அந்த இடைவெளியில் படங்களைக் காட்டுங்கள். தோளைத் தூக்கியிருக்கிறார், கையை முஷ்டியாக இறுக்கியிருக்கிறார் என்பது அவருக்கே தெரியும், நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. மெதுவாக ஓடச் சொல்வது பலர் செய்யும் தவறு. மெதுவாக ஓடினால் தாவலே இருக்காது. அவருடைய நிதான வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக, லேசான ஏற்றத்தில் ஓடச் சொல்லுங்கள். ஏற்றத்தில் முழங்கால் தானாக உயரும், உடல் முன்னோக்கிச் சாயும். இறக்கத்தில் நேர்மாறாகக் குதிகாலில் பிரேக் போடுவார்.

வியர்வை வேண்டுமென்றால் கிளிசரினும் தண்ணீரும் சம அளவு கலந்து தெளியுங்கள். வெறும் தண்ணீர் சில நிமிடத்தில் காய்ந்துவிடும். நெற்றியில் தெளிக்காதீர்கள், கண்ணுக்குள் வழியும். ஷூ கயிறு, கழுத்துச் சங்கிலி, பையில் துருத்தும் ஃபோன் ஆகியவற்றை ஒவ்வொரு சுற்றுக்கு முன்னும் பாருங்கள்.

கேள்வி: காரின் பின்கதவைத் திறந்து உட்கார்ந்து, பின்னால் ஓடி வருகிறவரை எடுக்கலாமா?

பதில்: போக்குவரத்து உள்ள சாலையில் கூடாது. போக்குவரத்தை முறையாக நிறுத்திய சாலை, ஓட்டுவதை மட்டும் செய்யும் ஓட்டுநர், உங்களைக் கட்டிவைக்கும் பாதுகாப்புப் பட்டை, ஓடுகிறவருக்கும் வண்டிக்கும் நடுவே வண்டி சட்டென நின்றாலும் மோதாத தூரம்: இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம். புகையும் நேராக அவர் மூச்சில் போகும். சரக்குத் தட்டுள்ள மின்சார சைக்கிளில் உட்கார்ந்து, மூடிய பூங்காப் பாதையில் எடுத்தால் இதே படம் கிடைக்கும்.

கேள்வி: மழையில் ஓடுவதை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மழையே படத்தில் விழவில்லை.

பதில்: மழைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வர வேண்டும், அதற்குப் பின்னே இருட்டான பின்னணி வேண்டும். வெளுத்த வானத்தின் முன் துளி தெரியாது. அடர்ந்த மரங்களுக்கு முன், ஓடுகிறவருக்குப் பின்னால் பக்கவாட்டில், நீர் புகாதபடி உறையிட்ட ஒரு ஃபிளாஷை கேமராவை நோக்கி வையுங்கள். 1/250-ல் மழை கோடாக வரும், 1/1000-ல் துளியாக நிற்கும். ஓட்டத்துக்கு இரண்டுக்கும் நடுவே 1/500 பொருந்தும். தேங்கிய நீரில் கால் வைக்கும் கணத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் முதல் பதிலில் சொன்ன விதி மாறும். அங்கே பாதம் தரையைத் தொட்ட உடனே வரும் ஃபிரேம்தான் வேண்டும், நீர் அப்போதுதான் இருபுறமும் விரிந்து எழும்.

லென்ஸ் மூடுகுழல் கட்டாயம். ஏ.சி. அறையிலிருந்து நேராக ஈரக் காற்றில் கேமராவை எடுத்தால் கண்ணாடி மூடுபனி பூத்துவிடும். மூடிய பிளாஸ்டிக் பையில் போட்டபடியே வெளியே அரை மணி நேரம் வைத்துவிட்டு, பிறகு திறங்கள்.